பின்னால் உட்காரும் கார் நன்றாகப் பிடிக்குமா?

பச்சை விளக்கு எரிந்த கணத்தில் மூக்கைத் தூக்கி, பின்பக்கம் தரையோடு அமுங்கிப் பாயும் கார். நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் யார் முந்துகிறார் என்று பார்க்கும் டிராக் (drag) பந்தயம் என்றதும் நினைவுக்கு வரும் படம் இதுதான். அதைப் பார்த்துப் பார்த்தே பலரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: பின்பக்கம் எவ்வளவு உட்காருகிறதோ அவ்வளவு பாரம் பின்டயரில் ஏறுகிறது, பாரம் ஏறினால் பிடிமானம், ஆகவே பின் ஸ்பிரிங்கை இளக்கமாக்கினால் கார் நன்றாகக் கிளம்பும்.

இதில் பாதி சரி. பாரம் ஏறினால் பிடிமானம் கூடும் என்பது சரி. கார் உட்காருவதால்தான் பாரம் ஏறுகிறது என்பது தவறு. முடுக்கத்தின்போது முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு இடம்பெயரும் பாரத்தைக் கணக்கிட நான்கே எண்கள் போதும். காரின் எடையை ஜி அளவில் (அதாவது ஈர்ப்பு முடுக்கத்தின் மடங்காக) சொல்லும் முடுக்கத்தால் பெருக்கி, அதை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் பெருக்கி, வீல்பேஸால், அதாவது முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரத்தால், வகுக்க வேண்டும். அவ்வளவுதான். ஸ்பிரிங்குக்கோ ஷாக் அப்சார்பருக்கோ இந்தக் கணக்கில் இடமே இல்லை. கல் மாதிரி இறுகிய ஸ்பிரிங் போட்டாலும், பஞ்சு மாதிரி இளகிய ஸ்பிரிங் போட்டாலும், அதே முடுக்கத்துக்கு அதே பாரம்தான் பின்னால் போகும்.

அப்படியானால் பின் சஸ்பென்ஷனின் கோணங்களை மாற்றி மாற்றி அளந்துகொண்டிருக்கிறார்களே, அவர்கள் எதைத் திருத்துகிறார்கள்? அந்தப் பாரம் எந்த வழியாக, எவ்வளவு சீக்கிரம், எந்த டயரில் போய்ச் சேருகிறது என்பதை. இதை விளக்க ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொள்கிறேன். குறிப்பாக 1979 முதல் 1993 வரை வந்த ‘ஃபாக்ஸ் பாடி’ மஸ்டாங். அமெரிக்க டிராக் ஓடுதளங்களில் இத்தனை பேர் கைவைத்த பின் சஸ்பென்ஷன்கள் அதிகம் இருக்காது. கெடுத்தவர்களும் ஏராளம், திருத்தியவர்களும் ஏராளம்.

எண்கள் என்ன சொல்கின்றன

1987-ல் அந்தக் காரின் 5.0 லிட்டர் வி8 எஞ்சினுக்கு 225 குதிரைத்திறன், சுமார் 407 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). ஐந்து கியர் பெட்டியில் முதல் கியர் 3.35, பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் க்ரவுன்-பினியன் பல்சக்கர ஜோடியின் விகிதம் 3.08. இரண்டையும் பெருக்கினால் டார்க் பத்து மடங்குக்குமேல் ஆகிறது. உராய்வு இழப்பைக் கழித்தாலும் டயர் தரையைத் தள்ளும் விசை 11,000 நியூட்டனுக்குப் பக்கத்தில் வரும்.

இனி டயர் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போம். காரின் எடை ஏறத்தாழ 1,450 கிலோ, அதில் 57 விழுக்காடு முன்னால். வீல்பேஸ் 2,553 மில்லிமீட்டர். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 520 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணச் சாலை டயருக்கு உராய்வுக் கெழு (தன்மேல் விழும் பாரத்தில் எத்தனை பங்கை டயர் விசையாகக் கடத்தும் என்ற எண்) 0.9 என்றால், இந்தக் கார் டயர் சுழலாமல் அதிகபட்சம் 0.47 ஜி முடுக்கத்தில்தான் கிளம்ப முடியும். அந்த நேரத்தில் முன்னிருந்து பின்னுக்குப் போகும் பாரம் சுமார் 140 கிலோ. டயர் தரையில் கடத்தக்கூடிய விசை 6,700 நியூட்டன். எஞ்சின் கொடுப்பது 11,000. மீதி புகையாகப் போகிறது.

இப்போது கோணம், உயரம் என்று எதையாவது மாற்றி என்ன லாபம் எடுக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். கிளம்பும்போது காரின் உடல் உயர்ந்து ஈர்ப்பு மையம் 25 மில்லிமீட்டர் மேலே போனால் முடுக்கம் கூடுவது ஒரு விழுக்காடு. முன்னால் இருக்கும் பேட்டரியை டிக்கிக்கு மாற்றி 20 கிலோ பாரத்தைப் பின்சக்கரத்துக்குத் தள்ளினால் கூடுவது மூன்று விழுக்காடு. டயரை மாற்றி, உராய்வுக் கெழு 1.4 அளவுக்கு வரும் டிராக் டயர் போட்டால் 0.47 ஜி என்பது 0.84 ஜி ஆகிவிடுகிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து விதவிதமான ஆர்ம்களை (ஆக்ஸிலை உடலோடு இணைக்கும் தண்டுகளை) மாட்டிவிட்டு, பழைய டயரிலேயே ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

இந்தக் கணக்கை 1965-லேயே கிரைஸ்லர்காரர்கள் முரட்டுத்தனமாகப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். சஸ்பென்ஷன் கோணத்தில் நுணுக்கம் பார்ப்பதைவிடச் சக்கரத்தையே நகர்த்திவிடலாம் என்று, டாட்ஜ், பிளிமத் பந்தயக் கார்களில் பின் ஆக்ஸிலை 15 அங்குலமும் முன் ஆக்ஸிலை 10 அங்குலமும் முன்னால் இழுத்து வைத்தார்கள். காரின் எடையில் பெரும்பங்கு நின்ற நிலையிலேயே பின்டயரில் போய் உட்கார்ந்தது. பார்க்கக் கோமாளித்தனமாக இருந்த அந்தக் கார்களை அமெரிக்க டிராக் பந்தயங்களை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு வழக்கமான பிரிவுகளில் சேர்க்கவில்லை. ‘ஃபன்னி கார்’ என்ற பந்தயப் பிரிவு இந்த மாதிரிக் கார்களிலிருந்துதான் கிளைத்தது.

காருக்கு அடியில்

எல்லோராலும் ஆக்ஸிலை நகர்த்த முடியாது. விதி விடாது, காரும் தெருவில் ஓட வேண்டும். அப்போதுதான் கோணங்கள் முக்கியமாகின்றன.

ஃபாக்ஸ் மஸ்டாங்கின் பின்பக்கம் ஒரே துண்டான ஆக்ஸில். நம் ஊரில் இன்னோவா கிரிஸ்டாவுக்கு அடியில் குனிந்து பார்த்தவர்களுக்கு இந்த வகை அமைப்பு தெரிந்திருக்கும்: ஆக்ஸிலை முன்பின்னாகப் பிடிக்க நான்கு தண்டுகள், சுமக்கக் காயில் ஸ்பிரிங். இன்னோவாவில் ஆக்ஸில் இடவலமாக நகராமல் பிடிக்கத் தனியாக ஒரு குறுக்குத் தண்டு உண்டு. மஸ்டாங்கில் அது கிடையாது. அந்த வேலையையும் மேல் ஆர்ம்கள் இரண்டும் சேர்ந்தே பார்க்கின்றன. அதற்காகவே அவை குட்டையாக, டிஃபரென்ஷியல் (இரண்டு பின்சக்கரங்களுக்கும் டார்க்கைப் பங்கிடும் பல்சக்கரத் தொகுதி) உறையின் மேலிருக்கும் இரண்டு காதுகளிலிருந்து இருபக்கமும் சாய்வாக விரிந்துபோகின்றன. கீழ் ஆர்ம்கள் நீளமானவை, கிட்டத்தட்ட நேராக முன்நோக்கிப் போய் உடலோடு சேர்கின்றன.

இந்தக் காரைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல் ஆர்ம் ஒரு கோடு, கீழ் ஆர்ம் ஒரு கோடு. இரண்டையும் முன்னோக்கி நீட்டினால் எங்கோ ஓர் இடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்தப் புள்ளிக்கு இன்ஸ்டன்ட் சென்டர் என்று பெயர். அங்கே போல்ட்டோ தண்டோ எதுவும் இல்லை, வெறும் காற்றுதான். ஆனால் ஆக்ஸில் அந்தக் கணத்தில் அந்தப் புள்ளியில் கீல் மாட்டியது மாதிரியே நடந்துகொள்ளும், உடலை அந்தப் புள்ளியில்தான் தள்ளும்.

தள்ளும் திசை எது என்று பார்க்க, பின்டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து இன்ஸ்டன்ட் சென்டருக்கு ஒரு கோடு போடுங்கள். இன்னொரு கோட்டை அதே தொடுமிடத்திலிருந்து, முன் ஆக்ஸிலுக்கு நேர் மேலே ஈர்ப்பு மைய உயரத்தில் இருக்கும் புள்ளிக்குப் போடுங்கள். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் அது 100 விழுக்காடு ஆன்ட்டி-ஸ்குவாட். அப்போது இடம்பெயரும் பாரம் முழுவதும் ஆர்ம்கள் வழியாகவே ஆக்ஸிலுக்குப் போய்விடும். பின் ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர்கூட அமுங்காது. முதல் கோடு தாழ்ந்து 50 விழுக்காட்டில் நின்றால் பாதி ஆர்ம் வழியாக, பாதி ஸ்பிரிங் வழியாக. உடல் கொஞ்சம் உட்காரும். 100-ஐத் தாண்டினால் ஆர்ம்கள் உடலைத் தேவைக்குமேல் தூக்கும். பின்பக்கம் உட்காருவதற்குப் பதில் எழும்பும்.

ஆக, முதல் பத்தியில் பார்த்த அந்தப் படத்தில் பின்பக்கம் அமுங்குவது பாரம் அதிகம் ஏறியதற்கு அடையாளம் அல்ல. ஏறிய பாரத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்கைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்பதற்குத்தான் அடையாளம்.

தாழ்த்தினால் என்ன ஆகும்

காரைத் தாழ்த்தினால் ஆன்ட்டி-ஸ்குவாட் போய்விடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எப்போதும் அப்படி இல்லை. ஆர்ம்களின் நீளத்தைப் பொறுத்தது அது. ஓர் உதாரணக் கணக்கு போடலாம். (இவை எந்தக் காரிலும் அளந்த எண்கள் அல்ல, விளக்கத்துக்காக எடுத்தவை.) கீழ் ஆர்ம் ஆக்ஸில் பக்கம் 230, உடல் பக்கம் 240 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, நீளம் 450. மேல் ஆர்ம் ஆக்ஸில் பக்கம் 440, உடல் பக்கம் 400; நீளம் 250. கோடுகள் ஆக்ஸிலுக்கு 1,152 மில்லிமீட்டர் முன்னால், 256 உயரத்தில் வெட்டுகின்றன. ஆன்ட்டி-ஸ்குவாட் 109 விழுக்காடு.

இப்போது உடலை 40 மில்லிமீட்டர் தாழ்த்துங்கள். ஆக்ஸில் பக்கத்துப் போல்ட்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், உடல் பக்கத்துப் போல்ட்கள் மட்டும் இறங்கும். வெட்டுப்புள்ளி 829 மில்லிமீட்டருக்குக் கிட்டே வந்து, 175 உயரத்துக்கு இறங்கிவிடும். ஆனால் ஈர்ப்பு மையமும் கூடவே இறங்கியிருப்பதால் ஆன்ட்டி-ஸ்குவாட் 112. மாற்றமே இல்லை என்று சொல்லிவிடலாம். மேல் ஆர்ம் குட்டையாக இருப்பதால் அதன் சாய்வு வேகமாகக் கூடி, கீழ் ஆர்ம் இழந்ததை ஈடுகட்டிவிட்டது.

அதே இடத்தில் மேல் ஆர்மும் 450 நீளம் என்று வைத்து, தொடக்கச் சாய்வுகளை அப்படியே விட்டு, அதே 40 மில்லிமீட்டர் தாழ்த்திப் பாருங்கள். 109 ஆக இருந்தது 71-க்கு விழுந்துவிடுகிறது. 1982 முதல் 2002 வரை வந்த ஷெவர்லே கமாரோவில் மேல் ஆர்மே கிடையாது. டிஃபரென்ஷியலிலிருந்து கியர் பெட்டியின் வால்வரை நீண்டுபோகும் ஒரு டார்க் ஆர்ம் அந்த வேலையைப் பார்க்கும். அங்கே வெட்டுப்புள்ளியின் தூரம் ஏறத்தாழ நிலையாக இருக்க, உயரம் கீழ் ஆர்மின் சாய்வோடு சேர்ந்து இறங்கும். தாழ்த்திய கமாரோ கிளம்பும்போது டயரைச் சுழற்றுகிறது என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். ஒரு காருக்குச் சொன்ன மருந்தை இன்னொரு காருக்குக் கொடுக்கக் கூடாது.

மருந்து என்னவென்றால், கீழ் ஆர்ம் ஆக்ஸிலில் மாட்டும் இடத்தைத் தாழ்த்தும் பிராக்கெட். இரண்டு மூன்று துளைகளோடு வரும் கனமான இரும்புத் தகடு. ஆக்ஸிலில் இருக்கும் பிடிப்போடு போல்ட் போட்டோ வெல்டிங் செய்தோ பொருத்துவார்கள். நம் உதாரணத்தில் 50 மில்லிமீட்டர் கீழே உள்ள துளையில் மாட்டினால், தாழ்த்தாத காரில் ஆன்ட்டி-ஸ்குவாட் 109-லிருந்து 165-க்குத் தாவுகிறது. ஒரே போல்ட்டைக் கழற்றி அடுத்த துளையில் மாட்டியதற்கு இத்தனை பெரிய மாற்றம்.

அளப்பது எப்படி என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடலை ஜாக்கியில் தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட்டு அளந்தால் எல்லா எண்ணும் பொய். கார் தன் சக்கரங்களின் மேலேயே நிற்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் ஓட்டுநரோ அவர் எடைக்கு மூட்டையோ, டாங்கியில் பந்தயத்துக்கு ஊற்றும் அளவு பெட்ரோல். பிறகு ஒவ்வொரு போல்ட்டின் மையமும் தரையிலிருந்து எவ்வளவு, ஆக்ஸில் மையத்திலிருந்து எவ்வளவு என்று அளந்து கட்டத்தாளில் குறிக்க வேண்டும். மேல் ஆர்ம் சாய்வாக விரிவதால் அதன் முழு நீளத்தை எடுக்கக் கூடாது. பக்கவாட்டில் தெரியும் நீளமே கணக்கு. இந்த ஒரு இடத்தில் சறுக்குபவர்கள் நிறைய.

ஐந்தில் ஒரு நொடி

கடைசியில் போய்ச் சேரும் பாரம் ஒன்றுதான் என்றால், ஆர்ம் வழியாகப் போனால் என்ன, ஸ்பிரிங் வழியாகப் போனால் என்ன?

ஆர்ம் இரும்பு. விசை உடனே கடந்துவிடும். ஸ்பிரிங் அமுங்கினால்தான் விசை தரும். அது அமுங்க, உடல் நகர வேண்டும். உடல் நகர நேரம் வேண்டும். பின் சஸ்பென்ஷனின் இயல்பு அதிர்வெண் நொடிக்கு ஒன்றரை என்று கொண்டால், ஸ்பிரிங் தன் பங்குப் பாரத்தை முழுதாகச் சேர்க்க ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி ஆகும். கிளட்சை விட்டதும் டார்க் அதைவிட வேகமாக டயருக்கு வந்து நிற்கும். பாரம் வருவதற்குள் டயர் சுழலத் தொடங்கிவிட்டால், பிறகு பாரம் வந்தும் பயனில்லை. சுழலும் டயரின் உராய்வு குறைந்துபோயிருக்கும். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால்தான் மறுபடி பிடிக்கும்.

இதனால்தான் ஆன்ட்டி-ஸ்குவாட் கூட்டினால் கார் நன்றாகக் கிளம்புகிறது. பிறகு ஆசை வரும். 100 நல்லது என்றால் 165 இன்னும் நல்லதுதானே?

வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் அதன்மேல் குந்தி உட்கார்ந்து, சட்டென்று எழுந்து பாருங்கள். எழும் கணத்தில் எண் உங்கள் எடையைத் தாண்டி ஏறும். எழுந்து முடிக்கும்போது எடைக்குக் கீழே இறங்கும். பிறகுதான் நிலைக்கு வரும். 100-க்கு மேல் ஆன்ட்டி-ஸ்குவாட் உள்ள கார் செய்வது அதைத்தான். ஆர்ம்கள் உடலை மேலே எறியும்போது டயரில் கூடுதல் அழுத்தம் விழுகிறது. உடல் மேலே போய் நிற்கும்போது அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அப்போது டயர் லேசாகி, சில மீட்டர் ஓடிய பிறகு சுழன்றுவிடும். ‘கிளம்பும்போது பிடிக்கிறது, ஒரு வண்டி நீளம் போனதும் விட்டுவிடுகிறது’ என்று சொல்லும் கார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதை.

இதற்கு மருந்து ஷாக்கில் இருக்கிறது. பின் ஷாக்கின் விரியும் திசைத் தடையைக் கூட்டினால் உடல் மெதுவாக எழும். அழுத்தம் ஒரே அடியாக விழாமல் பரவும். பக்கச்சுவர் இளகிய, வரிப்பள்ளம் இல்லாத பெரிய ஸ்லிக் டயருக்கு முதல் அடி பலமாக விழுந்தாலும் தாங்கும், சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். விறைப்பான டிராக் ரேடியல் டயருக்குப் பொதுவாக மென்மையான தொடக்கம் வேண்டும். எனவே டயரை மாற்றினால் துளையையும் ஷாக்கையும் திரும்பப் பார்க்கத்தான் வேண்டும். முன் ஷாக்கில் நேரெதிர் வேலை: விரிவதற்கு மிகக் குறைந்த தடையும், சுருங்குவதற்குப் பலமான தடையும் தரும் ‘90/10’ ஷாக்குகளைப் போடுவார்கள். மூக்கு உடனே எழும், சீக்கிரம் விழாது.

2018-ல் டாட்ஜ் சேலஞ்சர் டீமன் தொழிற்சாலையிலிருந்தே இந்தத் தந்திரங்களோடு வந்தது. அதன் உறவான ஹெல்கேட்டைவிட முன் ஸ்பிரிங் 35 விழுக்காடும் பின் ஸ்பிரிங் 28 விழுக்காடும் இளக்கம். விளம்பரத்தில் இதைப் பாரம் அதிகம் பின்னால் போவதற்கான ஏற்பாடு என்கிற தொனியில் சொன்னார்கள். கணக்குப்படி பார்த்தால் மூக்கு எழுந்து ஈர்ப்பு மையம் சற்று உயர்வதில் கிடைப்பது சொற்பம். அந்தக் காரைக் கிளப்பியதில் பெரும்பங்கு 315 மில்லிமீட்டர் அகல டிராக் ரேடியல் டயருக்கே.

வலது டயர் ஏன் முதலில் சுழல்கிறது

முன்பின் கணக்கை முடித்துவிட்டுக் காரைப் பின்னாலிருந்து பார்த்தால் இன்னொரு சிக்கல் தெரியும். ஒரே துண்டு ஆக்ஸில் உள்ள காரில், கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் முறுக்கு நேரே ஆக்ஸில்மேல் விழுகிறது. பின்னாலிருந்து பார்க்கையில் ஷாஃப்ட் இடஞ்சுழியாகச் சுழலும். ஆக்ஸிலையும் அதே பக்கம் உருட்டப் பார்க்கும். இடது டயர் தரையில் அழுந்தும், வலது டயர் எழப் பார்க்கும். நம் மஸ்டாங்கில் முதல் கியரில் அந்த முறுக்கு 1,360 நியூட்டன் மீட்டர்.

எஞ்சின் உடலோடு சேர்ந்திருப்பதால் உடலுக்கு இதன் எதிர்முறுக்கு கிடைக்கிறது. அது உடலை வலப்பக்கம் சாய்த்து, வலது பின் ஸ்பிரிங்கை அமுக்கி, இழந்ததில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறது. எவ்வளவு தருகிறது என்பதில்தான் விஷயம். உடல் சாய்வதைத் தடுக்கும் விறைப்பில் 60 விழுக்காடு முன் சஸ்பென்ஷனிலும் 40 பின்னாலும் இருந்தால், பின்பக்கம் 40 விழுக்காட்டைத்தான் ஈடுகட்டும். மீதி, வலது டயரிலிருந்து 58 கிலோவைப் பறித்து இடது டயரில் போடும். இரண்டுக்கும் வித்தியாசம் 115 கிலோவுக்குமேல். லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழன்றுவிடாமல் கட்டுப்படுத்தும் அமைப்பு) இல்லாத டிஃபரென்ஷியலாக இருந்தால் லேசான டயர் எவ்வளவு கடத்துமோ அவ்வளவேதான் மற்றதற்கும். லிமிடெட் ஸ்லிப் இருந்தாலும், ஒரே பாரத்தை இரண்டு டயரும் சமமாகச் சுமந்தால்தான் மொத்தப் பிடிமானம் அதிகம். ஏனென்றால் பாரம் கூடக்கூட டயரின் உராய்வுக் கெழு குறையும்.

1960-களில் கிரைஸ்லர் இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்தது. அவர்களுடைய கார்களில் பின்னால் லீஃப் ஸ்பிரிங். ‘சூப்பர் ஸ்டாக்’ ஸ்பிரிங் என்று விற்றதில் வலதுபக்கக் கட்டில் பட்டைகள் அதிகம், இடதுபக்கத்தில் குறைவு. கூடவே, ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ஆக்ஸிலோடு சேரும் முனையில் இருக்கும் பினியனுக்கு மேலே ஒரு ரப்பர் முட்டு. பினியன் மூக்கைத் தூக்கியதும் அது காரின் தரைத்தகட்டில் முட்டி உடலை மேலே தள்ளும். எளிமையான வேலை, ஆனால் ஆன்ட்டி-ஸ்குவாட், வலது-இடது சமநிலை இரண்டும் கைக்கு வந்துவிட்டன.

மஸ்டாங்காரர்கள் வலது பின் காயில் ஸ்பிரிங்குக்கு உள்ளே ஒரு காற்றுப்பையைச் செருகுவார்கள். காற்றடித்து வலது பின்மூலையை முன்கூட்டியே பாரமேற்றி வைக்கலாம். இதைவிட நல்லது விறைப்பான பின் ஆன்ட்டி-ரோல் பார் (இடது, வலது பக்கங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் தண்டு). உடல் சாய்வைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு பின்பக்கத்துக்கு வந்துவிட்டால், மேலே பார்த்த 60-40 தலைகீழாகி, வலது டயர் இழப்பது குறைந்துவிடும். காற்றுப்பை நிற்கும்போதும் ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டே இருக்கும். பாருக்கு அந்தக் குறை இல்லை. நேர்கோட்டில் மட்டும் ஓடும் காருக்கு ஆன்ட்டி-ரோல் பார் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் இது.

துள்ளல்

சில கார்கள் கிளம்பும்போது டயர் சுழலாது, பிடிக்கவும் பிடிக்காது; பின்பக்கம் ‘தடதட’வென்று உதறும். ஆர்ம்களின் நுனியிலுள்ள ரப்பர் புஷ்கள் டார்க்கில் நசுங்கி, ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும். டயர் பிடி விட்டதும் புஷ் விரிந்து ஆக்ஸிலைத் திருப்பி அடிக்கும், டயர் மறுபடி பிடிக்கும், மறுபடி முறுக்கும். இது நொடிக்குப் பலமுறை நடந்தால் ஆக்ஸில் ஷாஃப்ட் முறிவதும் உண்டு. ஃபோர்டு 1980-களின் நடுவில் ஆக்ஸிலுக்கும் உடலுக்கும் இடையே படுக்கைவாட்டில் இரண்டு கூடுதல் ஷாக்குகளை மாட்டி இதை அடக்கப் பார்த்தது. நோய்க்கு அல்ல, இருமலுக்கு மட்டும் மருந்து.

அதற்காக எல்லாப் புஷ்ஷையும் கழற்றிவிட்டு இறுகிய பாலியூரித்தேன் போடுவதும் இந்தக் காரில் ஆபத்து. மேல் ஆர்ம்கள் சாய்வாக விரிவதால், கார் வளைவில் சாயும்போது நான்கு ஆர்ம்களும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கின்றன. ரப்பர் நெளிந்து கொடுப்பதால்தான் அந்த அமைப்பு அசையவே முடிகிறது. நெளியாத புஷ் போட்டால் வளைவில் ஆக்ஸில் பூட்டிக்கொண்டு, பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வீசும். சாலையில் ஓடும் காருக்குக் கீழ் ஆர்மில் இறுக்கமும் மேல் ஆர்மில் நல்ல ரப்பரும் என்பதே தாங்கும் ஏற்பாடு. 2005-ல் மஸ்டாங் ஒற்றை மேல் ஆர்மும் தனிக் குறுக்குத் தண்டும் கொண்ட அமைப்புக்கு மாறியபோது இந்த இழுபறி ஒழிந்தது. 2015-ல் ஒரே துண்டு ஆக்ஸிலே போய்விட்டது.

தனித்தனிச் சக்கர சஸ்பென்ஷனில் விதி வேறு. டிஃபரென்ஷியல் உடலோடு சேர்ந்திருப்பதால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் முறுக்கு வலது டயரைத் தூக்காது. ஆனால் சக்கரத்தின் டார்க் ஆர்ம்கள் வழியாகப் போகாததால், ஆன்ட்டி-ஸ்குவாட் கோட்டை டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து போடக் கூடாது. சக்கர மையத்திலிருந்து இன்ஸ்டன்ட் சென்டருக்குப் போகும் கோட்டின் சாய்வையே எடுக்க வேண்டும். அந்தச் சாய்வு சின்னது, கிடைக்கும் விழுக்காடும் சின்னது. துள்ளல் மட்டும் விட்டபாடில்லை. 1999-ல் ஃபோர்டு தனிச்சக்கர அமைப்பைப் பழைய உடலுக்குள் திணித்து விட்ட மஸ்டாங் கோப்ரா, டிராக் ஓட்டுபவர்களிடம் துள்ளலுக்குப் பேர்போனது. 2003-ன் 390 குதிரைத்திறன் கோப்ராவை வாங்கி, புது சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டுப் பழைய ஒரே துண்டு ஆக்ஸிலை மாட்டியவர்களும் உண்டு. காடிலாக் 2009 சி.டி.எஸ்-வியில் இடது வலது அச்சுத்தண்டுகளை வேறுவேறு தடிமனில் செய்தது. இரண்டும் ஒரே தாளத்தில் முறுக்கி அதிரக் கூடாது என்பதே நோக்கம்.

விலை

பிராக்கெட்டில் கீழ்த் துளையில் மாட்டி ஆன்ட்டி-ஸ்குவாட்டை ஏற்றிய காரை வளைவுகள் உள்ள சர்க்யூட்டில் ஓட்டினால் இரண்டு இடங்களில் கடிக்கும். பிரேக் பிடிக்கும்போது அதே ஆர்ம்கள் எதிர்த்திசையில் வேலை செய்து, பின்பக்கத்தைக் கீழே இழுத்து டயரை லேசாக்கும். இன்ஸ்டன்ட் சென்டர் கிட்டே இருந்தால் பிரேக்கில் துள்ளலே வரலாம். வளைவில், முன்நோக்கி ஏறும் கீழ் ஆர்ம் வெளிச்சக்கரத்தைப் பின்னால் தள்ளி, உள்சக்கரத்தை முன்னால் இழுக்கும். ஆக்ஸில் திரும்பி, பின்பக்கம் வெளியே போகப் பார்க்கும். நேர்கோட்டுக் காருக்கு இது கவலையில்லை. வாரநாளில் அலுவலகத்துக்கும் வாரக்கடைசியில் ஓடுதளத்துக்கும் ஒரே காரை எடுத்துப்போகிறவர் நடுத்துளையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

பினியன் கோணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பினியனின் மூக்கை இரண்டு மூன்று டிகிரி கீழே இறக்கி வைத்தால் பிடிமானம் கூடும் என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். இறக்கி வைக்க வேண்டும்தான், ஆனால் காரணம் வேறு: டார்க் விழுந்ததும் புஷ் நசுங்கி மூக்கு எழும். அப்போது ஷாஃப்ட்டையும் பினியனையும் இணைக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் நேராக வர வேண்டும் என்பதற்காகவே அந்த இடைவெளி. டயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வேலையை முடித்ததும் பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. நம் உதாரணக் காரில் சாலை டயர் தன் எல்லையில் 6,700 நியூட்டன் தள்ளும்போது, கீழ் ஆர்ம்கள் இரண்டும் சேர்ந்து உடலை முன்னோக்கி 14,000 நியூட்டனுக்குமேல் அழுத்துகின்றன, மேல் ஆர்ம்கள் 7,400 அளவுக்குப் பின்னோக்கி இழுக்கின்றன. கீழ் ஆர்ம்களின் பங்கு மட்டுமே கிட்டத்தட்ட காரின் முழு எடை. டிராக் டயர் போட்டால் அது 25,000-ஐத் தொடும். இவ்வளவையும் தாங்குவது ‘டார்க் பாக்ஸ்’ என்று சொல்லும், தகட்டை மடித்துப் புள்ளி வெல்டிங் வைத்த ஒரு பெட்டி. டயர் பிடிக்கத் தொடங்கிய பிறகு ஃபாக்ஸ் மஸ்டாங்கில் முதலில் கிழிவது அதுதான். பின் சீட்டைக் கழற்றி, கம்பளத்தை விலக்கி, வெல்டிங் புள்ளிகளைச் சுற்றிப் பெயின்ட் விரிசல் விட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளேயும் வெளியேயும் தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகுதான் அடுத்த துளைக்குப் போக வேண்டும்.